சரிந்த கூரைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? புதிய கூபே கார் வாங்குமுன் விலையையும் வசதிகளையும் ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

என் மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தாள்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஒரே காரின் இரண்டு வேரியன்ட்கள், அதாவது வசதிகளும் விலையும் மாறும் இரண்டு வகைகள். “இருபத்தைந்தாயிரம்தான் கூட மச்சான், மேலே சன்ரூஃப் வருகிறது” என்றார். ஷோரூம் விலையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. தாளின் அடியில் இருந்த ஆன்-ரோடு விலைகளை, அதாவது வரியும் காப்பீடும் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகைகளை, கழித்துப் பார்த்தோம். வித்தியாசம் தொண்ணூறாயிரத்தை ஒட்டி இருந்தது. அந்த அறுபத்தைந்தாயிரம் எங்கே ஒளிந்திருந்தது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு டம்ளர் காபி தேவைப்பட்டது.

அந்தக் கணக்கை மையமாக வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எண்கள் தமிழ்நாட்டில் பதிவு செய்யும் காருக்கானவை. வேறு மாநிலத்தில் வரி விகிதம் மாறும், முறை மாறாது.

எந்தக் கூபேயைப் பற்றிப் பேசுகிறோம்?

கூபே என்பது பிரெஞ்சுச் சொல், ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் பெரிய கூண்டு வண்டியின் ஒரு பகுதியை வெட்டிக் குறுக்கியதுபோல் செய்த வண்டிக்கு வைத்த பெயர். பிற்பாடு இரண்டு கதவும் பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையும் உள்ள காருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அசல் இரண்டு கதவுக் கூபே இந்தியாவில் பெரும்பாலும் ஆடம்பரக் கார் நிறுவனங்களிடம்தான் கிடைக்கிறது. அதை வாங்குகிறவருக்கு இந்த வழிகாட்டி வேண்டியிருக்காது.

நடுத்தரக் குடும்பம் இன்று ‘கூபே’ என்று சொல்லிக் கேட்பது கூபே எஸ்யூவியை. நான்கு கதவு, உயர்ந்த உடல், பின்னால் மட்டும் சரியும் கூரை. 2024இல் இந்த வகை விலை இறங்கி வந்தது. சிட்ரன் பசால்ட் அந்த ஆகஸ்டில் 7.99 லட்சம் என்ற அறிமுக ஷோரூம் விலையில் வந்தது. டாடா கர்வ் பெட்ரோல், டீசல் கார்கள் செப்டம்பரில் 9.99 லட்சத்தில் தொடங்கின. கர்வ் மின்சாரக் கார் அதற்கு முந்தைய மாதமே 17.49 லட்சத்தில் வந்திருந்தது. நவம்பர் 26 அன்று மஹிந்திரா தன் இரண்டு மின்சாரக் கூபே எஸ்யூவிகளைச் சென்னையில் வைத்தே அறிமுகப்படுத்தியது. பசால்ட் திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்சாலையில் உருவாகிறது, அதன் எஞ்சின் ஓசூரிலிருந்து வருகிறது. இருந்தாலும் ‘நம்ம ஊர் வண்டி’ என்பதற்காக ஷோரூமில் ஒரு ரூபாயும் குறைக்கமாட்டார்கள்.

இந்த விலைகளை இன்றைய விலை என்று எண்ணிவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, 1500 சிசிக்குள் எஞ்சின் கொண்ட கார்களுக்கு முன்பு செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 45 சதவீதம் இருந்தது, இப்போது 40. மின்சாரக் கார்களுக்கு முன்னும் பின்னும் 5தான். ஆகவே இணையத்தில் கிடைக்கும் பழைய விலை ஒப்பீட்டுக் காணொலிகளை எண்களுக்காக நம்பாதீர்கள். கார் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் பாருங்கள்.

படி 1: விலை கேட்பதற்கு முன் பின்னிருக்கையில் உட்காருங்கள்

பலரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகு அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அம்மா ஏறும்போது தலை கதவுச் சட்டத்தில் இடிக்கிறது. “பரவாயில்லைப்பா” என்று அவர் சொல்லிவிடுவார், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு முன்னிருக்கையைத்தான் கேட்பார்.

சரிந்த கூரைக்கு நீங்கள் கொடுக்கும் முதல் விலை இதுதான். வீட்டிலேயே உயரமானவரையும் வயதில் மூத்தவரையும் அழைத்துப் போங்கள். உயரமானவர் பின்னிருக்கையில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்காரட்டும். முன்னே குனிந்து உட்கார்ந்தால் எல்லாக் காரிலும் தலை தட்டாது. மூத்தவர் இரண்டு முறை ஏறி இறங்கட்டும். இரண்டாவது முறையில்தான் உண்மை தெரியும்.

பசால்ட்டின் உயர் வேரியன்ட்டில் பின்னிருக்கையின் தொடைப் பகுதியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஏற்பாடு இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு வரியாகப் போய்விடும் விஷயம். முழங்கால் வலிக்காரர்களை மதுரை வரை கூட்டிப்போகிறவருக்கு இது சன்ரூஃபைவிடப் பெரிய வசதி.

அடுத்தது டிக்கி. பசால்ட்டுக்கு 470 லிட்டர், கர்வுக்கு 500 லிட்டர். எண்ணைப் பார்த்தால் இரண்டும் தாராளம். ஆனால் கண்ணாடி சரிந்து இறங்குவதால் உயரமான பொருள் வைக்கும்போது மூடி தட்டும். நான்கு பெட்டிகளைப் படுக்கவைத்தால் போகும், ஒரு அண்டாவை நிமிர்த்தி வைத்தால் போகாமல் போகலாம். நீங்கள் அடிக்கடி எடுத்துப்போகும் மிகப் பெரிய பொருள் எதுவோ, அதை அளந்துகொண்டு போங்கள். குழந்தை தள்ளுவண்டியாக இருந்தால் அதையே கொண்டுபோங்கள், விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து உள் கண்ணாடி வழியே பின்னே பாருங்கள். சரிந்த கூரையில் பின்கண்ணாடி ஒரு தபால் பெட்டி வாயளவுக்குச் சுருங்கித் தெரியும். பின்பக்க வைப்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இந்த வடிவக் கார்கள் எல்லாவற்றிலும் அது இருக்காது. இந்த இரண்டினாலும் பின்பக்க கேமரா இங்கே அலங்காரப் பொருளாக இல்லாமல் அவசியப் பொருளாகிவிடுகிறது. உங்கள் பட்டியலின் முதல் வரியாக அதை எழுதிவிடலாம்.

படி 2: மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள்

வசதிகளைப் பொதுவாக ‘வேண்டும், வேண்டாம்’ என்று பிரிப்பார்கள். அது பயன்படாது, ஏனென்றால் ஷோரூம் வெளிச்சத்தில் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். நான் தாளை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரிக்கிறேன்.

முதல் பத்தி: பிறகு போடவே முடியாதவை. ஏர்பேக், காரின் கட்டுமான வலிமை, வண்டி சறுக்காமல் பிடிக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, பின்சக்கர டிஸ்க் பிரேக், தானியங்கி கியர், குளிர்காற்று வரும் இருக்கை, அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவித் தொகுப்பு, தொழிற்சாலை சன்ரூஃப். இவற்றில் உங்களுக்கு வேண்டியது இருந்தால் அந்த வேரியன்ட்டைத்தான் வாங்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாம் பத்தி: பிறகு போடலாம், ஆனால் ஒயரை வெட்டவேண்டி வரும். தொடுதிரை, கேமரா, ஸ்பீக்கர், க்ரூஸ் கண்ட்ரோல் போன்றவை. வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஒட்டினால், பின்னால் மின்பகுதியில் பழுது வரும்போது வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிடுவார்கள். இவற்றை நிறுவனத்தின் அசல் உதிரிப்பாகமாக ஷோரூமிலேயே போட முடியுமா, எவ்வளவு, வாரண்டி நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாம் பத்தி: எங்கே வேண்டுமானாலும் போடலாம். இருக்கை உறை, தரைவிரிப்பு, அலாய் சக்கரம், மட்ஃபிளாப், உள்விளக்கு. இவற்றுக்காக ஒரு வேரியன்ட் மேலே போவது வீண்.

அடாஸ் பற்றி ஒரு வார்த்தை. கர்வின் உச்ச வேரியன்ட்டில் கிடைக்கும் தொகுப்பு, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி வைத்துத் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் மாதம் இரண்டு முறை போகிறவருக்கு அது நல்ல துணை. அண்ணா சாலையில் இரண்டு பஸ்களுக்கு நடுவே ஸ்கூட்டர் நுழையும் இடத்தில் அது பதறிப்போய் அவ்வப்போது பிரேக்கைத் தட்டும், பாதிப்பேர் அணைத்துவைத்துவிடுகிறார்கள். உங்கள் ஓட்டம் எந்தச் சாலையில் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பை வசதிகளோடு சேர்த்துப் பேரம் பேசாதீர்கள். கர்வ், பசால்ட் இரண்டுமே ஆறு ஏர்பேக்குகளை எல்லா வேரியன்ட்டிலும் கொடுத்து வந்தவை. பாரத் என்கேப் மோதல் சோதனையில் கர்வ் ஐந்து நட்சத்திரமும் பசால்ட் நான்கு நட்சத்திரமும் பெற்றன. இந்த ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு வீடும் தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும். தாளில் அது தனி வரியாக இருக்கட்டும்.

படி 3: ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை எழுதுங்கள்

மேற்கு நாடுகளில் ஒரு காரை எடுத்துக்கொண்டு சன்ரூஃபைத் தனியாக, சூடேறும் இருக்கையைத் தனியாக டிக் செய்து வாங்கும் வழக்கம் உண்டு. நம் ஊரில் அப்படிக் கேட்டால் ‘சாப்பாட்டில் ரசம் மட்டும் தனியாகக் கிடைக்காது சார்’ என்கிற முகத்தோடு பார்ப்பார்கள். இங்கே வசதிகள் வேரியன்ட் ஏணியில் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. பசால்ட் வந்தபோது யூ, பிளஸ், மேக்ஸ் என்று மூன்று படிகள். கர்வுக்கு ஸ்மார்ட், ப்யூர் பிளஸ், கிரியேட்டிவ், அக்கம்ப்ளிஷ்டு என்று நான்கு பெரிய படிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே சிறு படிகள்.

எனவே வசதியின் விலையை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முறை எளிது. அடுத்தடுத்த இரண்டு வேரியன்ட்களின் ஆன்-ரோடு விலையைக் கழியுங்கள். மேல் படியில் கூடுதலாக வரும் வசதிகளை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். அதில் முதல் பத்தியிலிருந்தும் இரண்டாம் பத்தியிலிருந்தும் நீங்கள் உண்மையில் கேட்டவை எவையோ, அவற்றை மட்டும் வட்டமிடுங்கள். வட்டமிட்டவை எத்தனையோ, அவைதான் மொத்த வித்தியாசத்தையும் சுமக்க வேண்டும். பன்னிரண்டு புதிய வசதிகளில் இரண்டைத்தான் வட்டமிட்டிருக்கிறீர்கள், வித்தியாசம் ஒன்றரை லட்சம் என்றால், ஒவ்வொன்றும் உங்களுக்கு எழுபத்தைந்தாயிரம். மற்ற பத்தும் இலவசம் என்று விற்பனையாளர் சொல்வார். நீங்கள் கேட்காத பொருளுக்கு இலவசம் என்ற பேச்சே இல்லை.

இரண்டு வெவ்வேறு கார்களை ஒப்பிடும்போது ஆரம்ப விலையோடு ஆரம்ப விலையை வைக்காதீர்கள். உங்கள் வட்டமிட்ட பட்டியல் முழுவதும் கிடைக்கும் மிகக் கீழான வேரியன்ட் எதுவோ, அதை அந்தக் காரின் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இரண்டு லட்சம் மலிவாகத் தெரிந்த கார் இந்தக் கணக்கில் விலை கூடிப்போவதைப் பார்த்திருக்கிறேன், எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது.

படி 4: பத்து லட்சக் கோடு

இப்போது மைத்துனரின் தாளுக்கு வருவோம். விலையைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன்: கீழ் வேரியன்ட்டின் ஷோரூம் விலை 9,95,000. மேல் வேரியன்ட் 10,20,000.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான வாழ்நாள் வரி மாற்றப்பட்டது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரியைப்போல் ‘பத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும்’ என்று நினைத்துவிடக் கூடாது. கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய விகிதம்.

9,95,000க்கு 13 சதவீதம், 1,29,350 ரூபாய். 10,20,000க்கு 18 சதவீதம், 1,83,600 ரூபாய். வரியில் மட்டும் 54,250 வித்தியாசம். இதோடு முடியவில்லை. பத்து லட்சத்தைத் தாண்டும் காருக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடித்தம் செய்ய வேண்டும், அதாவது உங்களிடம் வாங்கி வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இங்கே அது 10,200. இது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் கார் வாங்கும் அன்று கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

25,000, 54,250, 10,200. கூட்டினால் 89,450. டிசிஎஸ் திரும்பி வந்தாலும் 79,250. இன்சூரன்ஸ் பிரீமியம் சில நூறு ரூபாய் ஏறும், அதை விட்டுவிட்டேன். இருபத்தைந்தாயிரம் ரூபாய் சன்ரூஃபுக்கு எழுபத்தொன்பதாயிரம்.

இருபது லட்சத்திலும் இதேபோல் ஒரு கோடு இருக்கிறது. 19,90,000க்கு வரி 3,58,200, 20,10,000க்கு 4,02,000. இருபதாயிரத்துக்காக 43,800 கூடுதல் வரி.

ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள எந்த வேரியன்ட்டாவது இந்தக் கோடுகளுக்குச் சற்று மேலே நின்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரட்டை வண்ணப் பூச்சை விட்டுவிட்டு ஒற்றை வண்ணம் எடுத்தால் கோட்டுக்குக் கீழே வருமா? நிறுவனமே தரும் தள்ளுபடி இன்வாய்ஸ் விலையிலேயே கழியுமா, அல்லது பரிசுக் கூப்பன், இலவச உதிரிப்பாகம் என்று வெளியே தரப்படுமா? வரியை எந்தத் தொகை மீது போட்டிருக்கிறீர்கள், தாளில் காட்டுங்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். இன்வாய்ஸில் கழியும் பத்தாயிரமும், இலவசமாகத் தரும் பத்தாயிரம் ரூபாய் தரைவிரிப்பும் ஒன்றல்ல.

புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து வரியைக் குறைக்கலாம் என்று காதில் ஓதுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் வசித்து இங்கேயே வண்டியை ஓட்டினால் இங்கே வரி கட்டத்தான் வேண்டும். அந்த வழிக்குப் போக வேண்டாம்.

படி 5: கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

வாய்மொழி விலை வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒற்றை எண்ணாக வரும் விலையும் வேண்டாம். வேரியன்ட், நிறம், தயாரிப்பு ஆண்டு, ஒவ்வொரு கட்டணமும் தனித்தனி வரியாக உள்ள தாளைக் கேளுங்கள். குறைந்தது இரண்டு டீலர்களிடம், ஒரே வாரத்தில். ஷோரூம் விலை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கும், வாழ்நாள் வரியும் அப்படியே. மாறுபடும் கட்டணங்கள் நான்கைந்துதான், பேரம் முழுவதும் அங்கேதான்.

முதலாவது இன்சூரன்ஸ். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வரை உள்ள காருக்கு அது 2022இல் 10,640 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நாம் பேசும் இரண்டு கார்களின் எஞ்சின்களும் இந்த வரம்புக்குள்தான். நிர்ணயித்த தொகை என்பதால் அந்தப் பகுதி எந்த நிறுவனத்திடமும் மாறாது. மாறுவது சொந்தச் சேதப் பகுதியும் அதன் மேல் ஏற்றும் கூடுதல் காப்புகளும். டீலரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. அதே ஐடிவி தொகை (கார் முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை), அதே காப்புகளை வைத்து வெளியே ஒரு விலை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மைத்துனரின் தாளில் அவர் கேட்காத நான்கு காப்புகள் இருந்தன, சாவி தொலைந்தால் பணம் தரும் காப்பு உட்பட.

எதை வைத்துக்கொள்வது? உதிரிப்பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் காப்பை முதல் சில ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ கடலோர மாவட்டங்களிலோ இருந்தால் எஞ்சின் பாதுகாப்புக் காப்பு தேவை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரணப் பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது.

இரண்டாவது, ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்ற பெயர்களில் வரும் தொகை. கார் ஷோரூமுக்கு வந்து சேரும் செலவு ஷோரூம் விலையிலேயே அடங்கியது. இந்தக் கட்டணத்தை விளக்கச் சொல்லுங்கள், விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றால் பெரும்பாலும் கட்டணமே மறைந்துவிடும்.

மூன்றாவது, ‘அத்தியாவசியத் தொகுப்பு’. தரைவிரிப்பு, மட்ஃபிளாப், கதவோரப் பட்டை, வாசனைப் புட்டி ஆகியவற்றைக் கட்டி ஒரு விலை. இவை நம் மூன்றாம் பத்திப் பொருள்கள். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி போட்டுத் தருகிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொன்னது. மோதல் விசையை வேறு வழியில் கடத்தி, ஏர்பேக் விரிவதையும் அது குழப்பும்.

நான்காவது, நீட்டிக்கப்பட்ட வாரண்டி. டூயல் கிளட்ச் கியரோ (இரண்டு கிளட்ச் கொண்ட தானியங்கி), டர்போ எஞ்சினோ (காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டுவது) எடுத்தால் வாங்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அன்றே வாங்க வேண்டியதில்லை. எத்தனை மாதத்துக்குள், எந்த விலையில் சேரலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எஞ்சினும் கியரும்தான் மிகப் பெரிய வசதி

சன்ரூஃபைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறவர்கள் எஞ்சினை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். பசால்ட்டில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 82 பிஎஸ் சக்தி தருகிறது, டர்போ உள்ளது 110 பிஎஸ். ஆரம்ப விலை முதலாவதற்கு உரியது. நான்கு பேரும் முழு டிக்கியும் ஏசியுமாக ஏற்காடு மலை ஏறும்போது இந்த 28 எங்கே போனது என்று தேடுவீர்கள். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு 82 போதும், பணமும் மிச்சம். டர்போவில் கிடைக்கும் தானியங்கி கியர், திரவத்தின் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை, நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகும். கர்வில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் டூயல் கிளட்ச் தானியங்கி உண்டு. அது கியர் மாற்றுவதில் வேகமானது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வது அதற்குப் பிடித்த வேலையல்ல. டெஸ்ட் டிரைவை மாலை ஆறரை மணிக்குக் கேளுங்கள். காலைப் பத்து மணிக் காலியான சாலையில் எல்லா கியரும் நன்றாகத்தான் இருக்கும்.

டீசலுக்கு ஒரு கணக்கு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய். டீசல் 92.50, 18 கிலோமீட்டர் என்றால் 5.14. மிச்சம் 1.59. ஆன்-ரோடு விலையில் டீசல் ஒன்றரை லட்சம் கூட என்றால், அதை மீட்க ஏறக்குறைய 94,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் பழைய வண்டியின் ஓடோமீட்டரைப் பாருங்கள், ஆண்டுக்கு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும்.

மின்சாரக் கூபேக்களை ஒப்பிடும்போது விலைக்குள் வீட்டுச் சார்ஜர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மஹிந்திராவின் கார்கள் வந்தபோது அறிவித்த விலை சார்ஜரும் அதைப் பொருத்தும் செலவும் நீங்கலானது. பேட்டரி அளவை வசதி ஏணியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கர்வ் 45, 55 கிலோவாட்-மணி என்று இரண்டு பேட்டரிகளோடு வந்தது, ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்துக்குப் பெரியதன் சோதனைச்சாலை எண் 585 கிலோமீட்டர். ஆனால் நிறுவனமே நடைமுறையில் 400 முதல் 425 என்றுதான் சொன்னது. இந்த இரண்டாவது எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். தமிழ்நாட்டின் மின்சார வாகன வரிவிலக்கு கால வரம்போடு அறிவிக்கப்படுவது. புக்கிங் நாளை விட்டுவிட்டு, பதிவு செய்யும் நாளில் அது அமலில் இருக்குமா என்று பாருங்கள்.

படி 7: கடனில் ஏறும் வசதிகள்

“மாதம் ஆயிரத்து அறுநூறுதான் சார் கூட வரும்.” ஒரு லட்சம் ரூபாய் வசதியை விற்பதற்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 1,609 ரூபாய். 84 மாதத்தில் கட்டுவது 1,35,000க்குச் சற்று மேல். ஐந்து ஆண்டு என்றால் தவணை 2,076, மொத்தம் 1,24,500 அளவில். படி 3இல் எழுதிய வசதி விலைகளின் பக்கத்தில் கடனோடு சேர்ந்த விலையையும் எழுதிவிடுங்கள். என் மைத்துனர் அதற்குப் பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தார்.

படி 8: எப்போது பேசுவது

ஆடி மாதத்தில் வண்டி எடுக்கத் தயங்கும் ஊர் இது. டீலருக்கோ மாத இலக்கு ஆடியிலும் உண்டு. ஆடியில் விலை பேசி, தள்ளுபடியை எழுதி வாங்கிக்கொண்டு, ஆவணி முதல் வாரத்தில் வண்டி எடுத்துக்கொள்கிறேன் என்றால் பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். விலைக்கு அன்றைய தேதியா, டெலிவரி தேதியா எது பொருந்தும் என்பதை மட்டும் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆயுத பூசைக்கு முந்தைய வாரம் பேரத்துக்கு உகந்ததல்ல, வரிசையில் நிற்பவர்கள் அதிகம்.

டிசம்பரில் பெரிய தள்ளுபடி வரும். சனவரியில் அந்தக் கார் ‘போன வருடத்து வண்டி’ ஆகிவிடும், விற்கும்போது அதற்கேற்ற விலைதான் கிடைக்கும். பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு இது பொருட்டில்லை. நான்கே ஆண்டில் மாற்றுகிறவர் தள்ளுபடியையும் அந்த இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து அருகில் உள்ள சர்வீஸ் மையம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் இந்தக் கட்டத்தில் எழுதுங்கள். டாடாவுக்குச் சிறிய ஊர்களிலும் இருக்கிறது, சிட்ரனுக்கு எண்ணிக்கை மிகக் குறைவு. கோவையிலோ சென்னையிலோ இருப்பவருக்கு இது ஒரு சின்ன விஷயம், பெரம்பலூர்க்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு நாள் விடுப்பு.

படி 9: பதிவுக்கு முன் பார்த்துவிடுங்கள்

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன், உங்கள் பெயரில் பதிவு செய்வதற்கு முன், டீலரின் கிடங்குக்கே போய் உங்களுக்கு ஒதுக்கிய காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பதிவுக்குப் பிறகு கீறலைக் கண்டுபிடித்தால் பாலிஷ் போட்டுத் தருவார்கள், வேறு கார் தரமாட்டார்கள். சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்து, பின்னால் வரும் தாள்களோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் இருக்கும்.

பிறகு உங்கள் தாளை எடுத்து, வட்டமிட்ட வசதிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஒரே வேரியன்ட்டின் வசதிப் பட்டியலை நிறுவனங்கள் ஆண்டு நடுவிலேயே மாற்றுவதுண்டு. பின்பக்க ஏசி துளையில் காற்று வருகிறதா, கேமரா தெளிவாகத் தெரிகிறதா, மாற்றுச் சக்கரம் எந்த அளவு என்று எல்லாவற்றையும் பாருங்கள்.

மைத்துனர் 9,95,000 வண்டியைத்தான் எடுத்தார். மிச்சமான பணத்தில் அசல் கேமராவை ஷோரூமிலேயே போட்டுக்கொண்டார், எஞ்சின் காப்பையும் சேர்த்தார். மீதி அவர் மனைவியின் கைக்குப் போய்விட்டதாகத் தகவல். அவருடைய எட்டு வயது மகளுக்கு மட்டும் இந்தக் கணக்கில் எதுவும் உடன்பாடில்லை. பக்கத்துவீட்டுக் காரில் மேலே ஜன்னல் திறக்கும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் குறைபட்டுக்கொள்கிறாளாம்.